வார்டுக்கு மதிப்பெண் போடுவது யார்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு உரையின் எழுத்து வடிவம். இடம்: சூலியா தெரு, பினாங்கு)



எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்த கையோடு ஜார்ஜ்டவுனிலும் பட்டர்வொர்த்திலும் பல தமிழ்க் குடும்பங்களில் ஒரே பேச்சு நடக்கும். மகளைத் தாதியர் படிப்பில் சேர்க்கலாமா? எந்தக் கல்லூரி நல்லது? கட்டணம் எவ்வளவு? பி.டி.பி.டி.என். கடன் கிடைக்குமா? விடுதி உண்டா, பாதுகாப்பானதா? எல்லாம் நியாயமான கேள்விகளே. ஆனால் கல்லூரிகளின் திறந்தநாள் நிகழ்ச்சிக்குப் போகும் பெற்றோர் பெரும்பாலும் கேட்காமல் திரும்பும் கேள்வி ஒன்று உண்டு. அந்தப் பெண் எந்த மருத்துவமனையின் எந்த வார்டில் நின்று இந்தத் தொழிலைக் கற்கப் போகிறாள்? அந்த வார்டு கற்றுக்கொடுக்கும் வார்டா, வேலை மட்டும் வாங்கும் வார்டா?

சூலியா தெருவில் கூடியிருப்போருக்கு இது தூரத்துச் செய்தி அன்று. இந்தத் தெருவிலிருந்து லவ் லேன் வழியாகத் திரும்பினால் மந்திரி தெரு வரும். இன்று பத்து லாஞ்சாங்கில் இருக்கும் லாம் வா ஈ மருத்துவமனை, 1883இல் இலவச வைத்தியசாலையாகத் தொடங்கியது அங்கேதான். பர்மா ரோட்டில் இருக்கும் அட்வெண்டிஸ்ட் மருத்துவமனை 1924இல் தொடங்கியது. இவ்விரண்டுக்கும் சொந்தமாகத் தாதியர் பயிற்சி உண்டு. இன்னும் சற்றுத் தள்ளிப் போனால், ஊரார் 'பெரிய ஆஸ்பத்திரி' என்று சொல்லும் பினாங்குப் பொது மருத்துவமனை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படுக்கைகள். கிழவர்கள் இன்னமும் 'மிஸ்ஸி' என்று அழைக்கும் அந்த வெள்ளைச் சீருடைப் பிள்ளைகளில் கணிசமானோர் இன்னும் மாணவிகளே. (மாணவி என்று சொல்வது பெரும்பான்மை கருதித்தான். ஆண்களும் இப்படிப்பில் சேர்கிறார்கள்.)

தாதியர் படிப்பு வகுப்பறையில் முடிகிற படிப்பு அன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டு விதி, பொதுத் தாதியர் பயிற்சிக்குக் குறைந்தது 4,600 மணி நேரம் வேண்டும் என்கிறது. அதில் பாதியாவது நோயாளிகளிடையே கழிய வேண்டும். மலேசியாவின் மூன்றாண்டு டிப்ளோமாவிலும் வார்டுக்குப் பெரும் பங்கு உண்டு. ஊசி போடுவதைப் பொம்மையின் மேல் பழகலாம். வலியில் கையை உதறும் பெரியவருக்கு ஊசி போடுவதை வார்டில்தான் பழக முடியும். அங்கே கற்றது சரியாக இல்லாவிட்டால், நாளை கட்டிலில் கிடக்கப் போகும் நோயாளிதான் அதன் விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

மாணவியை அளந்த காலம்

1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் அம்மையாரின் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது, மேட்ரன் வார்ட்ரோப்பர் அம்மையார் மாதந்தோறும் ஒரு பதிவேட்டை நிரப்பினார். நேரந்தவறாமை, அமைதி, நம்பகத்தன்மை, சுத்தம், வேலைத் திறன் என்று ஒவ்வொரு மாணவியும் அதில் எடைபோடப்பட்டாள். அந்த வழக்கம் உலகெங்கும் பரவியது. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நாடுகளின் மருத்துவமனைகளுக்கும் அது வந்து சேர்ந்தது. மேலிருப்பவர் அளப்பார், கீழிருப்பவள் அளக்கப்படுவாள். மாணவி தடுமாறினால் குறை அவளுடையது. வார்டுக்கு யாரும் மதிப்பெண் போடவில்லை.

மலாயாவில் 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டம் பதிவையும் பயிற்சியையும் ஒழுங்குக்குக் கொண்டு வந்தது. தாதியர் வாரியம், பயிற்சி நிலையங்களுக்கு அனுமதி தரும் பொறுப்பை ஏற்றது. அனுமதி தருவோர் எங்கும் எதைப் பார்ப்பார்கள்? படுக்கை எத்தனை, விரிவுரையாளர் எத்தனை பேர், எத்தனை மாணவருக்கு ஓர் ஆசிரியர். இந்திய தாதியர் மன்றத்தின் விதிகளிலும் பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கு உண்டு. இவை தேவையே இல்லை என்று சொல்ல முடியாது. ஆயினும் அவை வாசலில் நின்று எண்ணுகிற எண்கள். உள்ளே, காலை ஏழு மணிக்கு வரும் மாணவியின் முகத்தை நிமிர்ந்து பார்த்து யாராவது பேசுகிறார்களா என்பதை அந்த எண்கள் சொல்வதில்லை.

1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஆர்ட்டன், ஃப்ரெட்வெல் என்ற இரு ஆய்வாளர்கள் கேள்வியைத் திருப்பிப் போட்டனர். ஒரே மருத்துவமனையில், ஒரே பாடத்திட்டத்தில், ஒரு வார்டில் மாணவிகள் கற்றுக்கொண்டு வருகிறார்கள், பக்கத்து வார்டில் கற்காமல் வருகிறார்கள். ஏன்? ஆய்வில் தெரிய வந்தது, கற்றல் சூழலின் ஆணிவேர் வார்டு சிஸ்டர் என்பது. அவர் கேள்வியை வரவேற்றால் தாதியரும் வரவேற்கிறார்கள். அவர் சிடுசிடுத்தால் வார்டே சிடுசிடுக்கிறது. மாமியார் வீட்டுக் கதை அறிந்த தமிழருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

34 வாக்கியங்கள்

அதன்பின் அளவுகோல்கள் ஒவ்வொன்றாக வந்தன. 1995இல் ஆஸ்திரேலியாவில் டன், பர்னெட் இருவரும் 23 வாக்கியங்கள் கொண்ட ஒன்றை வெளியிட்டனர். அதே நாட்டில் சான் என்பவர் சில ஆண்டுகள் கழித்து 42 வாக்கியங்களில் இன்னொன்றைச் செய்தார். சான் செய்ததில் ஒரு நல்ல யோசனை இருந்தது. ஒரே படிவத்தை மாணவர் இரண்டு முறை நிரப்ப வேண்டும். ஒரு முறை 'இருக்கிற வார்டு', மறு முறை 'இருக்க வேண்டிய வார்டு'. இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளம்தான் அளவு. தெற்கு ஆஸ்திரேலியாவில் 108 மாணவரிடம் அவர் அளந்தபோது, ஆறு பிரிவுகளிலும் ஆசை மேலே இருந்தது, நடப்பு கீழே இருந்தது.

இன்று உலகில் மிகப் பரவலாகப் பயன்படுவது பின்லாந்தில் பிறந்தது. சாரிகோஸ்கி, லெய்னோ-கில்பி ஆகியோர் 2002இல் வெளியிட்டு, 2008இல் சக ஆய்வாளர்களுடன் விரிவாக்கியது. 'கிளெஸ்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். விரிவாக்கிய படிவத்தில் 34 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 'முற்றிலும் மறுக்கிறேன்' முதல் 'முற்றிலும் ஏற்கிறேன்' வரை 1 முதல் 5 வரை எண் இட வேண்டும். வார்டின் கற்பிக்கும் சூழ்நிலைக்கு 9 வாக்கியங்கள், வார்டுத் தலைவியின் போக்குக்கு 4, அங்கே நோயாளி பராமரிப்பு எப்படி நடக்கிறது என்பதற்கு 4, மாணவருக்கும் அவருக்கு வழிகாட்டும் தாதிக்கும் உள்ள உறவுக்கு 8, கல்லூரியிலிருந்து வரும் ஆசிரியரின் பங்குக்கு 9.

இந்தப் பகிர்வே ஒரு செய்தி. கட்டிடம், கருவி, கட்டில் எண்ணிக்கை இவற்றுக்கு இங்கே இடமில்லை. வேலை தொடங்கும் நேரத்தில் வார்டுக்குள் நுழையத் தயக்கமில்லாமல் இருந்ததா, தாதியருக்கு மாணவரின் பெயர் தெரிந்ததா, நோயாளி பற்றிய குறிப்புகள் தெளிவாக எழுதப்பட்டிருந்தனவா, செய்த வேலைக்கு உடனுக்குடன் கருத்துச் சொல்லப்பட்டதா என்கிற தோரணையில்தான் அது விசாரிக்கிறது. பெயர் சொல்லி அழைப்பதெல்லாம் ஒரு தரமா என்று சிலர் சிரிக்கலாம். பெயர் தெரியாத பிள்ளையிடம் யாரும் சந்தேகம் கேள் என்று சொல்வதில்லை. பெயர் தெரியாத பிள்ளையும் சந்தேகம் கேட்பதில்லை. மருந்தளவில் வந்த சந்தேகத்தைக் கேட்காமல் விழுங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதை மருத்துவமனைப் பக்கம் போனவர் எவரும் ஊகிக்கலாம்.

2010இல் வெளிவந்த ஒரு கூட்டாய்வு, ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 1,903 மாணவரிடம் இதே படிவத்தைக் கொடுத்துப் பார்த்தது. மாணவரின் மனநிறைவோடு மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் ஒட்டி நின்றது வழிகாட்டும் தாதியுடனான உறவே. ஒரு மாணவிக்கு இன்னார்தான் பொறுப்பு என்று ஒருவர் இருந்து, அவரோடு அடிக்கடி தனியே உட்கார்ந்து பேச முடிந்தால் எண் உயர்கிறது. இன்றைக்கு ஒருவர், நாளைக்கு வேறொருவர் என்றால் எண் சரிகிறது. வார்டில் தங்கும் காலம் நீளமாக இருந்ததும் நன்மையே செய்தது. ஒரு வாரத்துக்கு ஒரு வார்டு என்று சுற்றி வரும் அட்டவணைகளைப் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய முடிவு இது.

பினாங்கில் ஒரு வாக்கியம் குறைகிறது

ஐரோப்பியப் படிவத்தை அப்படியே எடுத்து இங்கே விரித்தால் போதுமா? போதாது. 'வார்டுத் தலைவி' என்ற ஒரு சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். இங்கே சிஸ்டரா, மேட்ரனா, அந்த ஷிஃப்டுக்குப் பொறுப்பான மூத்த தாதியா? மாணவர்கள் 'சி.ஐ.' என்று சுருக்கிச் சொல்லும் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர் படிவத்தில் எந்தப் பகுதியில் வருவார்? அவர் கல்லூரியின் ஆசிரியரா, வார்டின் வழிகாட்டியா? ஒரு மாணவி ஒருவரை நினைத்தும் இன்னொரு மாணவி வேறொருவரை நினைத்தும் எண் இட்டால், கூட்டிக் கழித்து வரும் சராசரி யாருடையதும் அன்று.

இதைவிடப் பெரியது மொழி. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம்களின் பெயரால் வழங்கும் இந்தத் தெருவில், நாகூர் தர்காவின் வாசலில் நின்று அரை மணி நேரம் காது கொடுத்தால் தமிழ், மலாய், ஹொக்கியன், ஆங்கிலம் நான்கும் விழும். இதே நான்கும் வார்டிலும் விழுகின்றன. குறிப்பேடு ஒரு மொழி, தாதியர் பேச்சு இன்னொரு மொழி, நோயாளியின் முனகல் மூன்றாவது மொழி. தமிழைத் தவிர வேறு தெரியாத ஒரு மூதாட்டி படுத்திருக்கும் வார்டில் தமிழ் மாணவி ஒருத்தி இருந்தால், "நீ வா, என்ன சொல்றாங்கன்னு கேள்" என்று அவளைக் கூப்பிடுவது இயல்பு. மூதாட்டிக்கு அது பெரிய ஆறுதல். மாணவிக்கும் அது பாடமாகலாம். நோயாளியின் வாயிலிருந்து நோயின் கதையைக் கேட்டறிவது தாதிமையின் முதல் பாடமல்லவா? ஆனால் கட்டுப் பிரித்துக் காயம் கழுவுவதைச் சக மாணவிகள் கற்கும் நேரத்தில் இவள் மூன்று கட்டில்களுக்கிடையே மொழிபெயர்த்துக் கொண்டிருந்தால், அது வேலை வாங்குதல். இரண்டில் எது நடந்தது என்று கேட்கும் வாக்கியம் அந்த 34இல் கிடையாது. ஹெல்சிங்கியில் அது முதலில் தோன்றாத கேள்வி. பினாங்கில் முதலில் தோன்ற வேண்டிய கேள்வி.

ஆகவே படிவத்தை மொழிபெயர்த்தால் மட்டும் வேலை முடியாது. மலாய்க்கு மாற்றியதை, மூலத்தைப் பார்க்காத ஒருவர் மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றி ஒப்பிட வேண்டும். சில மாணவரிடம் கொடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று வாய்விட்டுச் சொல்லச் செய்ய வேண்டும். உள்ளூருக்கு வேண்டிய இரண்டொரு வாக்கியங்களைத் தனியே சேர்த்து, அவற்றைத் தனியே கணக்கிட வேண்டும். ஆய்வேடுகளில் 'குரோன்பாக் ஆல்ஃபா' என்று ஓர் எண்ணைப் பெருமையாகப் போடுவார்கள். 1951 முதல் புழங்கும் அந்த எண், ஒரு பிரிவின் வாக்கியங்களுக்குக் கிடைத்த பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப் போகின்றனவா என்று காட்டும். அவ்வளவுதான். பயந்துகொண்டு சிலர் எல்லாவற்றுக்கும் 4, மற்றவர்கள் எல்லாவற்றுக்கும் 5 என்று போட்டாலும் அது உயர்வாகவே வரலாம்.

பயம் என்றதும் அளவின் அடிப்படைக்கே வந்துவிட்டோம். ஒரு வார்டில் மூன்று மாணவிகள். கடைசி நாள் பிற்பகலில், வருகைப் பதிவேட்டிலும் லாக் புக்கிலும் இன்னும் கையெழுத்துப் போடாத சிஸ்டரின் மேசை மேல் படிவம் வைக்கப்படுகிறது. பெயர் எழுத வேண்டாம் என்று சொல்கிறார்கள். மூன்றில் ஒருத்தியின் கையெழுத்து யாருக்குத் தெரியாது? அங்கே நிரப்பப்படுவது கற்றல் சூழல் அன்று, மரியாதை. பெரியவர்களைக் குறை சொல்லக் கூடாது என்று வளர்ந்த பிள்ளைகள், நன்றாக இல்லாததையும் நன்று என்றே எழுதும். மதிப்பெண்ணும் கையெழுத்தும் கைக்கு வந்த பிறகு, வார்டுக்கு வெளியே, வார்டோடு தொடர்பில்லாத ஒருவர் கையில் படிவம் சேர வேண்டும். இரண்டு மூன்று அணிகளின் பதில் திரண்ட பின்தான் அந்த வார்டின் எண்ணை வெளியிட வேண்டும். அப்போது யார் என்ன எழுதினார் என்று தேட முடியாது. எண்ணும் சற்று நிலைத்து நிற்கும்.

சராசரியின் சூழ்ச்சியும் உண்டு. கற்பனையாக இரு வார்டுகள். இரண்டுக்கும் சராசரி 3.5. முதல் வார்டில் பாதிப்பேர் 3, பாதிப்பேர் 4. இரண்டாவதில் பாதிப்பேர் 5, பாதிப்பேர் 2. முதலாவது சுமாரான வார்டு. இரண்டாவதில் ஏதோ இருக்கிறது: காலை ஷிஃப்டில் ஒரு நல்ல தாதி, இரவு ஷிஃப்டில் யாரும் இல்லை, அல்லது மொழி தெரிந்தவருக்கு ஒரு நீதி, தெரியாதவருக்கு இன்னொரு நீதி. அறிக்கையில் சராசரியை மட்டும் அச்சிட்டால் இரண்டு வார்டுகளும் இரட்டைப் பிள்ளைகள் போலத் தோன்றும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மனநிறைவு வேறு, கற்றல் வேறு. நோயாளிகள் குறைவாகவும் தாதியர் அன்பாகவும் இருக்கும் வார்டு 5 வாங்கும். மூன்று வாரத்தில் மாணவி ஒரு சிறுநீர்க்குழாயைக்கூடப் பொருத்திப் பார்த்திருக்க மாட்டாள். நெரிசலான அவசரப் பிரிவு 3 வாங்கும்; அங்கே கற்றது ஆயுளுக்கும் நிற்கும். ஆதலால் படிவத்தின் எண்ணை லாக் புக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும். என்ன செய்தாள், எத்தனை முறை செய்தாள், அருகில் நின்றது யார் என்ற கணக்கு இல்லாத மனநிறைவு பாதிச் செய்திதான்.

நெரிசலும் வேலூரும்

2000களில் இந்நாட்டில் தனியார் தாதியர் கல்லூரிகள் பெருகின. கல்லூரியைக் கட்டிவிடலாம், வார்டைக் கட்ட முடியாது. சொந்த மருத்துவமனை இல்லாத கல்லூரிகள் பயிற்சிக்கு வேறு மருத்துவமனைகளையே நாட வேண்டியிருந்தது. ஒரு கட்டிலைச் சுற்றி எத்தனை பேர் நிற்கலாம்? ஒருத்தி கட்டு மாற்றுவாள்; மற்றவர்கள் அவள் முதுகைப் பார்ப்பார்கள். 2010 ஜூலை முதல் புதிய தாதியர் படிப்புகளுக்கு அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டது. சேர்க்கைத் தகுதியும் எஸ்.பி.எம். தேர்வில் 3 கிரெடிட்டிலிருந்து 5 கிரெடிட்டாக உயர்த்தப்பட்டது. அந்த ஆண்டுகளில் பட்டயம் பெற்றும் வேலை கிடைக்காமல், கல்விக் கடனோடு நின்ற பிள்ளைகளில் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. இன்று பேச்சு தலைகீழ். தாதியர் பற்றாக்குறை, சிங்கப்பூருக்கும் அரபு நாடுகளுக்கும் போகிறார்கள் என்ற கவலை. சேர்க்கையை மீண்டும் கூட்ட வேண்டும் என்பார்கள். கூட்டுவதற்கு முன் வார்டுகளின் எண்ணைக் கையில் வைத்திருந்தால், எந்த வார்டு இன்னும் இரண்டு பேரைத் தாங்கும், எந்த வார்டு ஏற்கெனவே மூச்சுத் திணறுகிறது என்று தெரியும். ஊகத்தில் கூட்டினால் பழைய கதைதான்.

இங்கே தமிழ்நாட்டின் வேலூரைப் பார்ப்பது பயன் தரும். ஐடா ஸ்கடர் அம்மையாரின் மருத்துவமனையில் 1909இல் தாதியர் பயிற்சி தொடங்கியது. 1946இல் அங்கே தாதியர் பட்டப்படிப்பு வந்தது. இந்தியாவில் அப்பட்டப்படிப்பைக் கண்ட முதல் இரு இடங்களில் ஒன்று அது. அங்கே நெடுங்காலமாக ஒரு வழக்கம்: கல்லூரியில் பாடம் நடத்தும் ஆசிரியையே வார்டிலும் பொறுப்பு வகிக்கிறார். வகுப்பில் சொன்னதை மறுநாள் கட்டிலருகே அவரே செய்து காட்ட வேண்டும். செய்ய முடியாததை வகுப்பில் சொல்லவும் முடியாது. பின்லாந்துப் படிவத்தின் கடைசி ஒன்பது வாக்கியங்கள் விசாரிப்பது இதைத்தான், ஆசிரியர் ஏட்டையும் வார்டையும் இணைக்கிறாரா என்பதை. பல ஊர்களில் அந்த ஆசிரியர் வாரம் ஒருமுறை வந்து, வருகைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டுப் போகும் விருந்தாளி. வேலூர் முறைக்கும் விலை உண்டு. ஒரே ஆளின் தோளில் இரண்டு வேலை. அந்தச் சுமையைக் கணக்கில் எடுக்காமல் முறையை மட்டும் இறக்குமதி செய்ய முடியாது.

அளந்த எண் கல்லூரி அலுவலகத்தின் அலமாரியில் உறங்கினால் அளந்ததே வீண். அது போய்ச் சேர வேண்டிய இடம் வார்டு சிஸ்டரின் மேசை. அதுவும் குற்றப்பத்திரிகையாக அல்ல. முப்பது நோயாளிகளுக்கு ஆள் போதாமல் ஓடும் தாதியிடம், உன் கற்பிக்கும் சூழ்நிலை 2.8 என்று ஒரு காகிதத்தை நீட்டுவது கொடுமை. அவருக்கு வழிகாட்டும் நேரம் பணி அட்டவணையில் ஒதுக்கப்பட்டதா? அதற்கென்று ஒரு பயிற்சி, ஒரு சிறு படித்தொகை உண்டா? குறைந்த எண் வந்த வார்டில் முதலில் விசாரிக்கப்பட வேண்டியவர் நிர்வாகி, பிறகுதான் சிஸ்டர்.

அடுத்த சேர்க்கைக்காகக் கல்லூரி வாசல் ஏறும் பெற்றோர், கட்டண அட்டவணையைக் கையில் வாங்கிய பிறகு மேசைக்கு எதிரே இருப்பவரிடம் இன்னும் கொஞ்சம் கேட்கலாம். பயிற்சிக்கு எந்த மருத்துவமனை, எந்த வார்டுகள்? ஒரு ஷிஃப்டில் அந்த வார்டில் மொத்தம் எத்தனை மாணவர்கள் நிற்பார்கள், மற்றக் கல்லூரிப் பிள்ளைகளையும் சேர்த்து? மகளுக்கு வழிகாட்டும் தாதி ஒருவரா, நாளுக்கு ஒருவரா? இரவு ஷிஃப்டில் அவள் அருகில் யார்? சென்ற அணி மாணவர்கள் அந்த வார்டைப் பற்றி என்ன எழுதினார்கள், எழுதிய பின் அங்கே என்ன மாற்றினார்கள்?